நாணயம் நிறுக்க எந்தத் தராசு? திருகோணமலைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய காசு சேர்ப்பவர்கள், தாலிக்கொடியில் இருந்து கழற்றிய பவுண் காசை விற்கும் முன்னோ அடைவு வைக்கும் முன்னோ ஒருதரம் நிறுத்துப் பார்க்க நினைப்பவர்கள், கோயில் உண்டியல் சில்லறையோடு மல்லுக்கட்டுபவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விகள் இவை. எங்கள் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தராசுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கை நல்ல படிக்கல்லுக்கு ஒதுக்குங்கள். படிக்கல் இல்லாத டிஜிட்டல் தராசு காட்டுவது ஓர் எண், அவ்வளவுதான்.

எத்தனை தசம தானம் காட்டும் தராசு வேண்டும்?

பெரும்பாலான காசுகளுக்கு 0.01 கிராம் காட்டுகிற தராசு போதும். 0.1 ஏன் போதாது என்பதைப் பவுண் காசை வைத்தே பார்க்கலாம். அச்சில் இருந்து வந்த பவுணின் நிறை 7.988 கிராம். பிரித்தானிய நாணயச் சட்டம் புழக்கத்துக்கு அனுமதித்த ஆகக் குறைந்த நிறை 7.938 கிராம்; அதற்குக் கீழே தேய்ந்த பவுண் முகப்புப் பெறுமதிக்குச் செல்லாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் 0.05 கிராம். 0.1 தராசோ 7.95 முதல் 8.05 வரை எதை வைத்தாலும் 8.0 என்றே சொல்லும். தேய்ந்ததும் தேயாததும் அதற்கு ஒன்றுதான்.

0.001 கிராம் தராசு மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும் தேவைப்படும்: அரைக் கிராமுக்கும் குறைந்த பொற்பணங்களை நிறுக்க, தங்கக் காசைத் தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்க்க, ஒரே வகைக் காசுகளின் தேய்மானத்தை ஒப்பிட. இவற்றில் ஒன்றும் உங்கள் வேலை இல்லையென்றால் அதை வாங்காதீர்கள். கடைசி இலக்கம் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்துத் தலையிடிதான் மிஞ்சும்.

சமையலறைத் தராசில் நிறுக்கலாமா?

மா நிறுக்கலாம்.

தராசில் 0.01 என்று போட்டிருந்தால் 0.01 வரை சரியாக இருக்கும்தானே?

இல்லை. அந்த எண் திரை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பதைத்தான் சொல்கிறது. காட்டுவது உண்மையா என்பது வேறு விடயம். வாங்கும்போது மூன்றைத் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலாவது, திரும்பத் திரும்ப வைத்தால் ஒரே எண் வருகிறதா. இரண்டாவது, 5 கிராமிலும் 50 கிராமிலும் 150 கிராமிலும் ஒரே அளவு நம்பகமாக இருக்கிறதா. சில தராசுகள் 100 கிராமில் அச்சொட்டாகக் காட்டும், 10 கிராமில் 0.03 தவறும். காசு நிறுக்கிறவருக்கு 100 கிராம் சரியாக இருந்து என்ன பயன்? மூன்றாவது, காசைத் தட்டின் நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் எண் மாறாமல் இருக்கிறதா.

ஆய்வுகூடத் தராசு செய்யும் ஓஹவுஸ், ஏ அண்ட் டி, ஷிமாட்சு, மெட்லர் டொலிடோ போன்ற நிறுவனங்கள் இந்த விபரங்களைத் தனித்தனியாக எழுதித் தருவார்கள். பெயரில்லாத பொக்கற் தராசுப் பெட்டியில் 0.01 என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். பொக்கற் தராசு கூடாது என்று சொல்ல வரவில்லை. அதைச் சோதிக்கும் வேலை உங்களுடையது, அவ்வளவுதான்.

எவ்வளவு கொள்ளளவு?

0.01 தராசுக்கு 200 கிராம். 0.001 என்றால் 20 அல்லது 50 கிராம். காசில் 30 கிராமைத் தாண்டுவது அரிது. அமெரிக்க வெள்ளி டொலரே 26.73 கிராம்தான். ‘கூடக் கிடந்தால் நல்லதுதானே’ என்று 1 கிலோ தராசு வாங்கினால், அதே விலைக்குரிய உணர்கருவி பெரிய எல்லைக்குள் பரந்து, காசு இருக்கும் அடிமட்டத்தில் பலவீனமாக வேலை செய்யும்.

தொழிற்சாலையிலேயே அளவு திருத்தி அனுப்பிய தராசை இங்கே ஏன் மறுபடி திருத்த வேண்டும்?

புவியீர்ப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. டிஜிட்டல் தராசுக்குள் இருப்பது சுமையால் வளைகிற ஓர் அலுமினியத் துண்டும், அந்த வளைவை உணரும் கம்பிப் படலமும். அது அளப்பது விசையை. திணிவாக மாற்றிக் காட்டுவது திருத்தும்போது கொடுத்த கணக்கை வைத்து. துருவப் பக்கம் போகப் போக இழுவை கூடும், மத்திய கோட்டுக்குக் கிட்ட வர வரக் குறையும். திருகோணமலை வட அகலாங்கு 8.6 பாகையில் இருக்கிறது. தென்சீனாவில் குவாங்சோ பக்கம் திருத்திய தராசு இங்கே ஏறத்தாழ 0.07 வீதம் குறைத்துக் காட்டும்: 100 கிராம் படிக்கல் 99.93 ஆகத் தெரியும். லண்டனில் திருத்தியதென்றால் வித்தியாசம் 0.31 வீதம், 7.988 கிராம் பவுண் அதில் 7.963 ஆகத் தெரியும். காசில் குறை ஒன்றுமில்லை, ஆனால் தேய்ந்த காசு என்று விலையை இறக்கப் போதுமான வித்தியாசம் அது.

உயரமும் சேரும். இங்கே திருத்திய தராசை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் 100 கிராமுக்கு 0.05 அளவில் குறையும். ஆகவே ஊர் மாறினால் திருத்தம் புதிதாகச் செய்ய வேண்டும். பயணத்தில் பட்ட அதிர்ச்சிக்காகவும் அது எப்படியும் தேவை.

எந்தப் படிக்கல் வாங்குவது?

சர்வதேச வகுப்புப் பெயரோடு வருவதை வாங்குங்கள். நமக்கு வேண்டியவை எம்1, எஃப்2, எஃப்1 ஆகிய மூன்றும்தான். 100 கிராம் எம்1 கல்லில் அனுமதிக்கப்பட்ட பிழை 5 மில்லிகிராம். எஃப்2 என்றால் 1.6, எஃப்1 என்றால் 0.5. 

200 கிராம், 0.01 தராசுக்கு 100 கிராம் எம்1 தாராளம். கல்லில் 5 மில்லிகிராம் பிழை இருந்தாலும் 8 கிராம் காசில் அது அரை மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் தெரியும். 0.001 தராசுக்கு எம்1 போதாது. 20 கிராம் எம்1 கல் 2.5 மில்லிகிராம் வரை தவறலாம். அதை வைத்துத் திருத்தினால் பவுண் காசில் கடைசி இலக்கம் ஒன்று பிசகும். 20 கிராம் எஃப்2 கல்லில் பிழை 0.8 மில்லிகிராம். 50 கிராம் கேட்கும் தராசென்றால் 50 கிராம் எஃப்2.

இன்னொரு கல்லும் கட்டாயம்: நீங்கள் அதிகம் நிறுக்கும் காசுக்குக் கிட்டிய நிறையில் ஒன்று. பவுணுக்கும் வெள்ளி ரூபாவுக்கும் 10 கிராம் கல், சதக் காசுகளுக்கு 5 கிராம் கல். இது திருத்துவதற்கல்ல, ஒவ்வொரு முறையும் காசு நிறுக்க முன்னும் பின்னும் வைத்துப் பார்ப்பதற்கு. பொக்கற் தராசோடு இனாமாக வரும் பளபளப்பான கல்லை நம்பாதீர்கள். வகுப்பும் இல்லை, சான்றிதழும் இல்லை. கல்லை வெறுங்கையால் தொடவும் கூடாது. வியர்வையும் உப்பும் படிந்து நிறை கூடும், பிறகு கறுக்கும். பிளாஸ்ரிக் முனை வைத்த இடுக்கி பாவியுங்கள்.

நல்ல படிக்கல்லும் பொன் நிறுக்கும் தராசும் பார்த்து வாங்குவதற்குக் கொழும்பு செட்டியார் தெருவில் நகைத்தொழில் சாமான் விற்கிற கடைகள் தோதானவை. ஒன்லைனில் எடுத்தால் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிய முன் கீழே சொல்லும் சோதனைகளை முடித்துவிடுங்கள்.

அளவுத்திருத்தம் செய்வது எப்படி?

தராசுக்குத் தராசு பொத்தான் மாறும். ஆனால் ஒழுங்கு இதுதான்:

தராசையும் படிக்கல்லையும் நிறுக்கப் போகும் அறையிலேயே ஒரு மணித்தியாலம் விடுங்கள். குளிரூட்டிய அறையில் இருந்து எடுத்து வந்த கல்லில் ஈரம் படியும். பிறகு தராசைப் போட்டு 15 முதல் 30 நிமிடம் சூடேற விடுங்கள். தானாக அணைந்துவிடும் வகையென்றால் இடைக்கிடை பொத்தானைத் தட்ட வேண்டும். கனமான கல்லை இரண்டு மூன்று தரம் வைத்து எடுங்கள். அப்போதுதான் உள்ளிருக்கும் துண்டு வேலைக்குத் தயாராகும். தட்டு வெறுமையாக 0.00 காட்டும்போது திருத்தப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். திரையில் 100.00 அல்லது 200.00 என்று மின்னும். அது எந்த எண்ணைக் கேட்கிறதோ அதே நிறையைத்தான் வைக்க வேண்டும், நடுவில், மெதுவாக. ‘முடிந்தது’ என்ற பொருளில் ஆங்கிலச் சொல் வரும் வரை மேசையில் கை ஊன்றக் கூடாது. கல்லை எடுத்தபின் பூச்சியம் வருகிறதா என்று பார்த்து, 10 கிராம் கல்லை வைத்துச் சரிபாருங்கள்.

கை தவறித் திருத்தப் பொத்தானை அழுத்திவிட்டால் வேறெதையும் தொடாமல் தராசை அணைத்துவிடுங்கள். கையில் 100 கிராம் கல் இல்லையே என்று சில்லறையை அள்ளி வைத்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதன்பிறகு அந்தத் தராசு சொல்வது எல்லாமே அந்தச் சில்லறையின் கணக்கு.

தராசு கைக்கு வந்ததும் என்ன சோதனை செய்யலாம்?

திருத்தம் முடித்தபின் 10 கிராம் கல்லைப் பத்துத் தரம் வைத்து எடுத்து எண்களை எழுதுங்கள். ஆகக் கூடியதற்கும் ஆகக் குறைந்ததற்கும் இடைவெளி 0.01 தராசில் 0.02ஐத் தாண்டக் கூடாது. 0.001 காட்டும் மலிவுத் தராசில் 0.003 வரை பொறுத்துக்கொள்ளலாம், 0.005 வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து 1, 2, 5, 10, 20, 50 என்று கல்லை ஏற்றிக்கொண்டே போய், அதே வழியில் இறங்குங்கள். ஏறும்போது ஒரு எண்ணும் இறங்கும்போது வேறு எண்ணும் வந்தால் தட்டு எங்கேயோ உரசுகிறது. தட்டைக் கழற்றி அடியில் மணல் இருக்கிறதா என்று பாருங்கள். நம்மூர் வீடுகளில் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பிறகு 50 கிராமைத் தட்டின் நான்கு ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். கடைசியாக, 50 கிராமைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். எண் மெல்ல மெல்ல ஒரே பக்கமாக நகர்ந்தால் உணர்கருவி தொய்கிறது. ஒரு தடவை பாரம் கூடிப்போய் நசுங்கிய தராசும் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதைத் திருத்தத்தால் மீட்க முடியாது.

எண் நிற்காமல் ஓடுகிறதே?

நூற்றுக்குத் தொண்ணூறு காற்றுதான். கச்சான் வீசுகிற மாதங்களில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு 0.001 தராசில் நிறுக்கவே முடியாது. யன்னலைச் சாத்துங்கள், காற்றாடியை நிறுத்துங்கள். நிறுத்தியபின் இரண்டு நிமிடம் பொறுங்கள், அறைக்குள் காற்று அடங்க அவ்வளவு நேரமாகும். மூடி இல்லாத தராசென்றால் ஒரு கண்ணாடிப் போத்தலையோ தெளிந்த பிளாஸ்ரிக் டப்பாவையோ தட்டில் படாமல் மேலே கவிழ்த்துவிடலாம். 

காற்று இல்லாமலும் ஓடினால் மேசையைப் பாருங்கள். பிளாஸ்ரிக் மேசை கூடாது. சீமெந்துத் தட்டு அல்லது தரையில் வைத்த கருங்கல் பலகை நல்லது. கைப்பேசியைத் தராசுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அழைப்பு வரும் நேரம் எண் துள்ளும். பற்றரி இறங்கியிருந்தாலும் எண் தளும்பும். மின்செருகியில் வேலை செய்யும் தராசென்றால் நிறுக்கும் நேரம் மட்டும் பற்றரிக்கு மாறிப் பாருங்கள்.

பிளாஸ்ரிக் உறையில் இருந்து உருவிய காசிலும் உறையிலும் நிலைமின் ஏறியிருக்கும், அதுவும் எண்ணைத் தள்ளும். காசை உறையோடு நிறுத்துக் கழிப்பதைவிட வெளியே எடுத்து, ஓரத்தைப் பிடித்து வைப்பது நல்லது.

சரிவும் ஒரு காரணம், ஆனால் அது எண்ணை ஓடவிடாது. பேசாமல் குறைத்துக் காட்டும். 1 பாகை சரிவில் 8 கிராம் காசு 0.001 குறையும், 3 பாகையில் 0.011 குறையும்.

கடற்காற்றில் தராசு பழுதாகுமா?

ஆகும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீட்டு யன்னல் கொளுக்கியே துருப்பிடிக்கிற காற்றில், தராசின் பற்றரிக் கம்பியும் பலகை இணைப்புகளும் முதலில் பச்சை பிடிக்கும். வாடைக்காற்று மாரி காலத்தில் ஈரமும் சேரும். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். ஒரு மாதம் பாவிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். தராசின் மேல் எதையும் அடுக்காதீர்கள். பெட்டிக்குள் இருக்கும்போது தட்டின் மீது மூடி அழுத்தினால்கூட உணர்கருவி நிரந்தரமாக வளையும். படிக்கல்லுக்குத் தனிப் பெட்டி.

பொற்பணம் போன்ற மிகச் சிறிய காசைத் தராசு கண்டுகொள்ளவே இல்லை. ஏன்?

தென்னிந்தியப் பொற்பணங்கள் 0.35 முதல் 0.40 கிராம் அளவில் இருக்கும், சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியவை. டிஜிட்டல் தராசு பூச்சியத்துக்கு அருகில் வரும் மிகச் சிறிய மாற்றங்களைத் தானே அழித்துப் பூச்சியத்தில் நிற்கப் பார்க்கும். தூசியும் வெப்பமும் எண்ணை அசைக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அதே ஏற்பாடு சிறு காசையும் விழுங்கலாம்.

வழி இருக்கிறது. தட்டில் 5 கிராம் கல்லை வையுங்கள். பூச்சியமாக்கும் பொத்தானைத் தொடாமல் எண்ணை எழுதுங்கள்: 5.001 என்று வைத்துக்கொள்வோம். இப்போது பணத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள்: 5.374. கழித்தால் 0.373. பூச்சியமாக்கிவிட்டால் பழைய பிரச்சினை திரும்ப வரும், ஆகையால் கழித்தலைக் கையால் செய்யுங்கள். மூன்று தரம் செய்து நடு எண்ணை எடுங்கள்.

பவுண் காசு 7.99 காட்டினால் அசல்தானே?

நிறை அசலோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லலாம். 22.05 மில்லிமீற்றர் விட்டம், 1.52 மில்லிமீற்றர் தடிப்பு, 7.988 கிராம் ஆகிய மூன்றும் ஒன்றாகப் பொருந்துவதுதான் கடினம். அதே பருமனில் பித்தளையில் செய்தால் 4 கிராம்கூட வராது. ஈயத்தில் செய்தால் 5 கிராமைக் கொஞ்சம் தாண்டும். நிறையைக் கொண்டுவர வேண்டுமென்றால் போலி செய்பவர் காசைத் தடிப்பாக்க வேண்டும். அதனால் தராசோடு ஒரு வேணியர் இடுக்கிமானியும் வாங்கிவையுங்கள்.

ஆனால் சரியான தங்கத்திலேயே செய்த போலிப் பவுண்களும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் பெய்ரூட் பக்கம் அப்படி ஏராளமாக அடித்தார்கள். அவற்றைத் தராசு பிடிக்காது, அச்சைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். தங்கத்தின் பெறுமதிக்கு விற்பவருக்கு இதில் பெரிய நட்டமில்லை. ஆண்டுக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்தான் கவனிக்க வேண்டும்.

தாலிக்கொடியில் கோத்திருந்த காசுக்கு வேறு சிக்கல். வளையம் பற்றவைத்த இடத்தில் பற்றாசு மிஞ்சியிருக்கும், அதனால் 8.0 ஐத் தாண்டும். வளையத்தை அராவி எடுத்திருந்தால் குறையும். இரண்டு வகையிலும் காசின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்க்காமல் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல முடியாது. இன்னொன்று: கடைக்காரர் ஒரு பவுண் என்று சொல்வது 8 கிராம். காசு 7.988. மத்திய வீதி நகைக்கடையில் உங்கள் காசு ‘ஒரு பவுணுக்குக் கொஞ்சம் குறைவு’ என்று சொன்னால் ஏமாற்றுகிறார் என்று எண்ண வேண்டாம்.

வெள்ளிக் காசு உண்மையில் வெள்ளியா என்று தராசிலேயே பார்க்கலாமா?

பார்க்கலாம். தண்ணீர் வேண்டும், மெல்லிய நைலோன் நூல் வேண்டும், பொறுமை வேண்டும்.

முதலில் காசை உலர நிறுத்து எழுதுங்கள். சிறிய கண்ணாடிக் கோப்பையில் முக்கால்வாசி தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. குமிழி ஒட்டாமல் இருக்க. கோப்பையைத் தட்டில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, கோப்பையின் அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் முழுவதும் அமிழ்த்துங்கள். கையில் பிடித்தால் ஆடும். இரண்டு தகரப் பேணிகளுக்கு மேல் ஒரு கம்பை வைத்து அதில் தொங்கவிடுங்கள். இப்போது திரையில் தெரிவது காசு விலக்கிய தண்ணீரின் நிறை. உலர்ந்த நிறையை 0.996 ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. (நம் அறை வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி 0.996.)

பிரித்தானிய இந்திய ரூபா நல்ல உதாரணம். எல்லாமே 11.66 கிராம், நிறையை வைத்துப் பிரிக்கவே முடியாது. 0.917 வெள்ளியில் அடித்த பழைய ரூபா 1.12 காட்டும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபா 1.20 முதல் 1.22 வரை. 1947 நிக்கல் ரூபா 1.30, அதைக் காந்தமே காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு 0.01 தராசு போதும்.

இலங்கை 50 சதம் கொஞ்சம் சிரமம். 1917 வரை 0.800 வெள்ளி, 1919 முதல் 0.550 வெள்ளி, இரண்டும் 5.83 கிராம். தண்ணீரில் முன்னது 0.57, பின்னது 0.60. 0.01 தராசுக்கு இந்த வித்தியாசம் எல்லைக் கோட்டில் நிற்கிறது. ஒரே ஆண்டுக் காசு ஐந்து இருந்தால் சேர்த்துத் தொங்கவிடுங்கள்: 2.86, 2.98 என்று தெளிவாகப் பிரியும். காசுகளுக்கு இடையே காற்று அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவுண் காசு தண்ணீரில் 0.452 காட்ட வேண்டும், அடர்த்தி 17.6. 0.01 தராசில் அது 0.45 என்று வரும். ஓர் இலக்கம் பிசகினாலே அடர்த்தி 17.3க்கும் 18.1க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம். தங்கத்துக்கு 0.001 வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

25 சதம், 10 சதம் வெள்ளிக் காசுகளின் நிறை என்ன?

2.92 கிராம், 1.17 கிராம். 50 சதத்தின் பாதியும் ஐந்தில் ஒன்றும்.

தராசில் டீஎல் என்று ஓர் அலகு இருக்கிறது. அது தோலாவா?

பெரும்பாலும் இல்லை. அது ஹொங்கொங் தேல், 37.43 கிராம். தோலா 11.664 கிராம், 180 கிரெயின், பழைய ரூபாவின் நிறையும் அதுதான். அலகுப் பொத்தானில் தற்செயலாகக் கை பட்டுக் கிராமில் இருந்து வேறெதற்கோ மாறியிருப்பதுதான் ‘தராசு திடீரெனப் பிழைத்துவிட்டது’ என்ற முறைப்பாடுகளில் பாதி. 11.66 கிராம் ரூபா 7.5 காட்டினால் தராசு பென்னிவெயிட்டில் இருக்கிறது, 0.375 என்றால் ட்ரோய் அவுன்சில்.

உண்டியல் சில்லறையை நிறுத்தே எண்ணலாமா?

ஒரே ஆண்டு வரிசைக் காசென்றால் எண்ணலாம். 1984இல் வந்த செம்பு-நிக்கல் 2 ரூபா 8.25 கிராம், 2005 முதல் வந்த உருக்குக் காசு அதே 28.5 மில்லிமீற்றரில் 7 கிராம். 5 ரூபா முன்பு 9.5, பின்பு 7.7. புதுக் காசென்று எண்ணி 100 இரண்டு ரூபாவை நிறுக்கிறீர்கள், அதில் 20 பழையது கலந்திருந்தால் 25 கிராம் கூடி 103 அல்லது 104 என்று வரும். காந்தத்தால் முதலில் பிரித்துவிடுங்கள். உருக்கு ஒட்டும், செம்பு-நிக்கல் ஒட்டாது. ஆனால் துருப்பிடிக்காத உருக்கில் வந்த பிந்திய காசுகளைத் தனியாக எடுத்து ஒவ்வொரு வகையிலும் 50ஐக் கையால் எண்ணி, அந்த நிறையையே அளவாக வையுங்கள். இந்த வேலைக்கு 0.1 கிராம் காட்டும் 3 கிலோ தராசுதான் ஏற்றது.

பத்தர் பாவிக்கும் இரட்டைத்தட்டுத் தராசு இனியும் உதவுமா?

நன்றாக உதவும். இரு தட்டுக்கும் ஒரே புவியீர்ப்பு என்பதால் ஊர் மாறினாலும் திருத்தம் தேவையில்லை, பற்றரியும் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது 0.01 கிராமை எளிதாகக் காட்டும். கை நீளம் இரண்டும் சமமா என்று பார்க்க, காசை இடத்தட்டில் வைத்து ஒருதரமும் வலத்தட்டில் வைத்து ஒருதரமும் நிறுங்கள். எண் மாறினால் இரண்டின் சராசரியே உண்மை நிறை. குறை என்னவென்றால், முழுத் தொகுதிப் படிக்கல்லும் வேண்டும். 10, 20, 50 மில்லிகிராம் தகடுகளைக் காற்றாடி ஒன்று கொண்டுபோய்விடும்.

என் தராசுக்கு அரச முத்திரை வேண்டுமா?

சொந்தச் சேகரிப்புக்கு வேண்டாம். நிறையைச் சொல்லி வாங்கவோ விற்கவோ பாவித்தால் வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் அதைக் கேட்கிறது. பொக்கற் தராசுகள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. நீங்கள் கடையில் விற்கும்போது முத்திரை இட்ட தராசில் நிறுக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கடற்கரையிலோ வளவிலோ எடுத்த செம்புக் காசின் நிறையை எப்படி எடுத்துக்கொள்வது?

இரண்டாவது தசமத்தைப் பொருட்படுத்தாதீர்கள். உப்பில் கிடந்த செம்பு கரைந்தும் இருக்கும், மேலே சுண்ணமும் பச்சையும் ஏறியும் இருக்கும். குறைவும் கூடுதலும் ஒன்றையொன்று மறைக்கும். ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வெளியிட்ட, ‘டி’ (T) எழுத்துப் பொறித்த தடித்த ஸ்டைவர் காசுகள் புதிதாக இருக்கும்போதே ஒன்றுக்கொன்று நிறை மாறியவை. அப்படிப்பட்ட காசுக்கு அச்சொட்டான நிறை என்று ஒன்று கிடையாது. அவற்றுக்கு 0.1 கிராம் வரை எழுதினால் போதும், படம் எடுத்துப் பக்கத்தில் விட்டத்தையும் குறியுங்கள்.

நிறை தெரிய வேண்டும் என்பதற்காகப் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தபின் கிடைக்கும் எண் காசின் நிறையல்ல, மிச்சத்தின் நிறை. 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று நம்பக்கூடிய காசு மண்ணில் இருந்து கிடைத்தால் அது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.